சூடான பால் ஏன் முதலில் உறைந்தது?

வகுப்பில் இரண்டாவது தடவை கையைத் தூக்கும் பிள்ளைக்கு நம் ஊரில் கிடைக்கும் பட்டம், 'அதிகப்பிரசங்கி'. ஆப்பிரிக்காவின் டான்சானியாவில் எராஸ்டோ எம்பெம்பா என்ற மாணவனுக்கு வேறொரு பட்டம் கிடைத்தது. 'இது எம்பெம்பாவின் இயற்பியல்!'

1963-ம் வருடம். மகம்பா என்ற ஊரில் இருந்த அவன் பள்ளியில் மாணவர்களே ஐஸ்க்ரீம் செய்வார்கள். பாலைக் காய்ச்சி, சர்க்கரை கலந்து, ஆறிய பிறகு ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஃப்ரீசரிலோ இடம் குறைவு. ஒரு மாணவன் பாலைக் காய்ச்சாமலேயே சர்க்கரையைக் கலந்து இடம்பிடிக்க ஓடினான். விட்டால் இடம் போய்விடும் என்று எம்பெம்பாவும் கொதிக்கக் கொதிக்கப் பாலைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டான். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தால், அவனுடைய பால் உறைந்திருந்தது. மற்றவனுடையது இன்னும் கூழாகத்தான் இருந்தது.

ஏன் என்று ஆசிரியரிடம் கேட்டான். 'நீ எதையோ குழப்பிக்கொண்டாய்' என்பதாக பதில் வந்தது. வேறு பள்ளிக்கு மேல்படிப்புக்குப் போனபோதும் கேள்வி கூடவே போனது. நியூட்டனின் குளிர்தல் விதியை நடத்திய நாளில் மறுபடி எழுந்து கேட்டான். அந்த ஆசிரியர் சூட்டிய பட்டம்தான் மேலே சொன்னது. அதன்பிறகு அவன் எதில் தப்பு செய்தாலும் வகுப்பு மொத்தமும் அதையே சொல்லிக் கேலி செய்தது.

ஆசிரியர்களை வில்லன்களாக்க வேண்டியதில்லை. 100 டிகிரி நீர், 35 டிகிரியைத் தொட்டுத்தானே கீழே இறங்க வேண்டும்? பின்னால் கிளம்பியது எப்படி முன்னால் போய்ச் சேரும்? அவர்கள் தர்க்கம் சரிதான். ஆனால், ஃப்ரீசரைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் தாருஸ்ஸலாம் பல்கலைக்கழகக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்ன் அந்தப் பள்ளிக்குப் பேச வந்தார். எம்பெம்பா அவரிடமும் கேட்டான். மானத்தை வாங்கிவிட்டானே என்று நண்பர்களுக்குக் கோபம். ஆஸ்போர்ன் சிரித்தார். 'நீயே செய்து பார்த்தாயா?' என்று கேட்டார். ஆமாம் என்றதும், தானும் செய்து பார்ப்பதாகச் சொன்னார். சொன்னபடி செய்தார் என்பதுதான் விசேஷம்.

ஆய்வகத்தில் அந்த வேலை ஓர் உதவியாளரிடம் போனது. சூடான நீர்தான் முதலில் உறைந்தது என்று வந்து சொன்ன அவர், 'சரியான' முடிவு வரும்வரை திரும்பத் திரும்பச் செய்கிறோம் என்றாராம்! பாவம், அவரும் வகுப்பில் படித்ததைத்தானே நம்புவார்?

1969-ல் 'ஃபிசிக்ஸ் எஜுகேஷன்' இதழில் எம்பெம்பா, ஆஸ்போர்ன் இருவர் பெயரிலும் கட்டுரை வெளியானது. அப்போது எம்பெம்பா படித்துக்கொண்டிருந்தது இயற்பியல் அல்ல, வனவிலங்கு மேலாண்மை. இன்று உலகம் அதை 'எம்பெம்பா விளைவு' என்கிறது.

காரணம் மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. சூட்டில் கொஞ்சம் நீர் ஆவியாகி அளவு குறைகிறது என்கிறார்கள் சிலர். பாத்திரத்துக்கு அடியில் உள்ள பனி உருகி, குளிர் நன்றாக ஏறுகிறது என்கிறார்கள் வேறு சிலர். 2016-ல் பிரிட்டன் ஆய்வாளர்கள் இருவர் ஒரே போடாகப் போட்டார்கள். அப்படி ஒரு விளைவையே தங்களால் பார்க்க முடியவில்லை, தெர்மாமீட்டரைக் கொஞ்சம் மேலே கீழே வைத்தாலே முடிவு மாறிவிடும் என்றார்கள். மற்றவர்கள் விடுவதாக இல்லை.

வீட்டில் சோதித்துப் பார்க்க ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் போதும். சூடான டம்ளரை ஃப்ரீசரில் வைக்கும் முன் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.