ஓர் இரவில் எழுந்த நாடகம்

நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளியொன்றில் இசை நாடகம் அரங்கேற்ற விழையும் ஆசிரியர், முதற்கண் மதுரையைத் திரும்பிப் பார்த்தல் நன்று. 1918-ஆம் ஆண்டில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவரைக் கொண்டே அங்குத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். ஆறு வயதில் அதில் சேர்ந்தவர் தி. க. சண்முகம். அச்சிறுவனுக்காகவே 'அபிமன்யு சுந்தரி'யைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார்; பாடல்கள் மட்டும் நூற்றுக்கு மேல்! சண்முகம் தம் 'எனது நாடக வாழ்க்கை' நூலில் இதனைப் பதிந்துள்ளார்.

எழுதியவர் புலமை வியப்புக்குரியது. அவற்றை மனனஞ்செய்து பாடிய பிஞ்சு நாவுகளோ அதனினும் வியப்புக்குரியன. பள்ளிப் படிப்பு நீளாத அச்சிறுவர்க்குச் சந்தமும் செந்தமிழும் செவிவழியே பாடமாயின.

அதற்கு அவர்கள் தந்த விலையும் சிறிதன்று. இரவெல்லாம் கண்விழிப்பு, பெற்றோரைப் பிரிந்த வாழ்வு. பாலர் சபைகளில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால், நேற்றைய அரசன் இன்று மேடைக்குப் பின்னே நிற்பான்.

தோட்டப் பள்ளியில் நாடகம் பிழைப்பன்று. வசூலைப் பற்றிய அச்சமும் இல்லை. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்குக் குரல் கரகரத்தால் அவனை விலக்குவானேன்? பாட்டைக் குறைத்து, வசனத்தைக் கூட்டிக் கட்டியங்காரன் வேடத்தை அவனுக்கே கொடுக்கலாம்.