மூலநிரலும் உயிர்மெய்யும்

ஏட்டுச் சுவடிகளைப் பெட்டியுள் வைத்துப் பூட்டி, கேட்டவர்க்கும் காட்டாது, ஈற்றிற் கறையானுக்கு ஈந்தோர் நம் நாட்டிற் பலர். அத்தகைய ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒப்புநோக்கி, அச்சேற்றி யாவர்க்கும் பொதுவாக்கியவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். கலித்தொகை 1887ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் அச்சு வாகனமேறிற்று. கணினி மென்பொருள் பற்றி எழுதப் புகுந்த தமிழாசிரியர் இப்பெரியாரை ஏன் இழுக்கின்றார் என மாணவர் நகைக்கக்கூடும். கட்டற்ற மென்பொருள் யாதென்பது எமக்கு விளங்கியது இவ்வழியாகவே.

கணினி செய்யவேண்டிய வேலையை நிரலாளர் எழுதிவைக்கும் ஏடே மூலநிரல். விலைக்கு வரும் மென்பொருள்களிற் பெரும்பாலானவற்றில் அவ்வேடு பூட்டப்பட்டிருக்கும். கட்டற்ற மென்பொருளில் அது திறந்திருக்கும். எவரும் பயன்படுத்தலாம், படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம். அமெரிக்கரான றிச்சாட் ஸ்ரோல்மன் 1983இல் இக்கொள்கையோடு குனு என்னுந் திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டபோது அவருக்கு வயது 21. நம் நாட்டுக்கும் இதிற் பங்குண்டு. 2004 மார்கழி 26இல் ஆழிப்பேரலை தாக்கியபின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிந்து தேடுதற்கென இலங்கைத் தொண்டர்கள் ஆக்கிய சகானா என்னும் மென்பொருள், திறந்தே விடப்பட்டமையால், 2005இல் பாக்கிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் கைகொடுத்தது.

நம் கல்லூரியில் இதுபற்றி இருநாட் செயலமர்வு நடத்தவேண்டுமென்று வந்தோர், பல்கலைக்கழகத்திற் பயிலும் பழைய மாணவர் மூவர். கணினி அறைக்குப் பொறுப்பான ஆசிரியருக்கோ வன்தட்டில் உள்ளவை அழிந்துவிடுமோ என்னும் அச்சம். நியாயமான அச்சமே; பழுதானால் திருத்தப் பணம் வேண்டும். வன்தட்டைத் தொடாமலே பென் ட்ரைவிலிருந்து லினக்ஸை இயக்கலாமென்று மூவரும் காட்டிய பின்னரே அறைத் திறப்பு எம் கைக்கு வந்தது. இதில் உயர்தரப் பரீட்சைக்கு வினா வருமோ என்றனர் பெற்றோர் சிலர். சான்றிதழ் உண்டோ என்றனர் மாணவர். இரண்டும் இல்லை, வடையும் தேநீரும் உண்டு என்றோம்.

முதல்நாள் 40 பேர் வந்தனர். சுதந்திரம், உரிமம் என்று விரிவுரை நீண்டது. மறுநாள் வந்தோர் 22 பேர். செயலமர்வு என்று பெயரிட்டு விரிவுரை நிகழ்த்தும் வழக்கம் நம்மவரை என்று விடுமோ அறியோம். வந்தவர்களுள் ஒருவன் எழுந்து, "களவாய்ப் பிரதிபண்ணின மென்பொருளும் சும்மாதானே சேர் கிடைக்குது? பிறகேன் இது?" என்றான். அவ்வினாவே அன்றைய நாளைக் காப்பாற்றிற்று.

விடையாக, நம் கல்லூரியின் பழைய மலரொன்றன் இறுவட்டை எடுத்துக் கொடுத்தோம். லினக்ஸிலே திறந்தபோது தமிழ் எழுத்தொன்றேனும் இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே பக்கம் பக்கமாய் நின்றன. அம்மலர் பாமினி எழுத்துருவிலே கோக்கப்பட்டது. பாமினியில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துக்களின் இருப்பிடத்தில் அமர்ந்திருப்பன. எழுத்துரு இல்லாத கணினியில் தமிழும் இல்லை. மறைந்த எம் ஆசான் ஒருவரது கட்டுரையும் அதனுள்ளே கிடந்தது. இதனைச் சும்மா கிடைத்த மென்பொருள் வாசிக்கவில்லையே, நீ வாசிக்கச் செய்வாயோ என்றோம்.

தரம் 12 மாணவர் இருவர் பைதன் மொழியில் எழுத்துக்கு எழுத்து மாற்றும் நிரலொன்றை மதியத்துள் எழுதினர். தமிழ் தோன்றிற்று, ஆயின் "தேன்" என்னுஞ் சொல்லிற் கொம்பு முன்னே தனித்து நிற்கத் தகரம் பின்னே நின்றது. பல்கலைக்கழகத்தார் மூவரும் தலையைச் சொறிந்தனர். ஈண்டுத்தான் தமிழ் வகுப்புக்கு வேலை வந்தது. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் வருமென்பது தொல்காப்பியர் சொன்னது. கண்ணுக்கோ கொம்பு முன்னே தெரியும். பாமினி கண்ணின் வரிசையைப் பின்பற்றியது. ஒருங்குறி காதின் வரிசையைப் பின்பற்றுவது. கொம்பை எடுத்து மெய்க்குப் பின்னே வைக்கும் விதியைச் சேர்த்ததும் தேன் தேனாயிற்று.

ஔகாரம் எளிதில் மசியவில்லை. அதன் பின்னுறுப்பும் ளகரமும் பாமினியில் ஒரே வடிவின. "கௌரி"யில் நிற்பது ளகரமோ ஔகாரமோ என்பதைச் சொல்லறிந்தவனே கூறுவான், பொறி கூறாது. ஆகவே கணினியிற் சிறிதும் நாட்டமற்ற கலைப்பிரிவு மாணவர் அறுவர், அகராதியைப் புரட்டி ஔகாரச் சொற்களைப் பட்டியலிட்டனர். அப்பட்டியலும் நிரலின் ஓர் உறுப்பே. உயிர்மெய் வகையை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி அழிக்கும் எமக்கு, அது இயங்கக் கண்டது அன்றுதான்.

ஆசானின் கட்டுரை மாலை ஐந்து மணிக்குத் திரையில் முழுமையாய் வந்தது. வாசித்தவன் முதலில் வினா எழுப்பிய அம்மாணவனே.

நிரலைக் குனு பொது உரிமத்தின்கீழ் யாவர்க்கும் வெளியிட்டுள்ளனர். ஸ்ரீ என்னும் எழுத்தும், பந்திகளிடையே கலந்துவரும் ஆங்கிலச் சொற்களும் இன்னும் இடர்ப்படுத்துகின்றன. அடுத்த விடுமுறையில் அவற்றைப் பார்ப்பர். எம்மிடமுள்ள இறுவட்டுக்கள் நான்கே. அவற்றுள் ஒன்று கீறல் விழுந்து திறக்க மறுக்கின்றது. பழைய மலர்களைக் கோத்த கோப்புக்கள் எவையேனும் பழைய மாணவர் எவரிடமேனும் இருப்பின், எந்நிலையில் இருப்பினும், கல்லூரி நூலகத்தில் ஒப்படைக்குமாறு வேண்டுகின்றோம்.