முதல் வாக்கு

குடியாட்சியில் மக்களே மன்னர். அம்மன்னர் கையில் ஏந்தும் செங்கோல் வாக்கு என்னும் உரிமையே ஆகும். அச்செங்கோலை முதன்முறையாக ஏந்துவோர் உள்ளத்தில் மகிழ்ச்சியும் எழும், அச்சமும் எழும். இவ்விரண்டையும் ஒருங்கே உணர்ந்த ஓர் இளநங்கையின் வரலாறு இது.

புதுச்சேரி நகரின் தென்பால், அரியாங்குப்பத்து ஆறு கடலொடு கலக்கும் இடத்தை அடுத்துத் தேங்காய்த்திட்டு என்னும் ஊர் உள்ளது. மீன்பிடி துறைமுகம் அமைந்த ஊர் அது. அங்கே கடற்றொழிலால் வாழும் குடும்பம் ஒன்றில் பிறந்து, கல்லூரியில் முதலாண்டு பயின்றுவந்தாள் அந்நங்கை. 2024-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தல் வந்தபோது அவளுக்குப் பதினெட்டு வயது நிரம்பியிருந்தது. ஏறத்தாழ 97 கோடி வாக்காளர் கொண்ட பட்டியலில் அவள் பெயரும் இடம்பெற்றது. புதுச்சேரியில் வாக்குப்பதிவுக்குக் குறித்த நாள் ஏப்ரல் 19.

பட்டியலில் தன் பெயரைக் கண்ட அன்று அவள் பெரிதும் மகிழ்ந்தாள். ஆனால், 'யாருக்கு வாக்களிப்பது?' என்னும் வினா எழுந்ததும் அம்மகிழ்ச்சி கவலையாயிற்று. "ஒரு வாக்கினால் என்ன ஆகிவிடும்? வீட்டிலேயே இருந்துவிடு" என்றாள் தோழி ஒருத்தி. "நம்மவருக்கே போடு" என்றார் அண்டை வீட்டார். நம்மவர் என்பவர் யார் என்பதை அவர் விளக்கவில்லை.

இதனினும் பெரிய இடர் ஒன்று வந்தது. தந்தையார் தம் விசைப்படகின் இயந்திரத்தைப் பழுதுபார்க்க ஊர்ச் செல்வர் ஒருவரிடம் கடன் பெற்றிருந்தார். ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. மீனினம் பெருகும்பொருட்டு 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது என்பது கிழக்குக் கடற்கரைக்கு உரிய விதி. படகுகள் துறையில் கட்டுண்டு கிடந்தன, வருவாய் நின்றது. அவ்வேளையில் அச்செல்வர் வீடு தேடி வந்தார். "உங்கள் வீட்டில் நான்கு வாக்குகள் உண்டல்லவா? அவை நான் சொல்லும் சின்னத்திற்கு விழட்டும். கடனைப் பிறகு பார்த்துக்கொள்வோம்" என்றார். தந்தையார் ஒன்றும் பேசாது தலையசைத்தார்.

அவர் சென்றபின் மகள் தந்தையை அணுகி, "அப்பா, கடன் படகின்மேல் இருக்கிறது, வாக்கு என் பெயரில் இருக்கிறது. ஒன்றுக்கு மற்றொன்று எவ்வாறு ஈடாகும்?" என்று பணிவுடன் கேட்டாள்.

"நாம் மாற்றிப் போட்டால் அவர் அறிந்துகொள்வாரே!" என்றார் தந்தை.

"அறிய முடியாது அப்பா. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வாக்கின் மறைவைக் காக்கிறது. யாருக்கு வாக்களித்தாய் என்று ஒருவரை வற்புறுத்திக் கேட்க வழக்கு மன்றத்திற்கும் உரிமை இல்லை என்று படித்திருக்கிறேன்."

தந்தையார் நெடுமூச்செறிந்தார். "சட்டம் மறைக்கும், அம்மா. என் மனம் மறைக்குமா? நான் தலையசைத்தது வாக்குக் கொடுத்ததற்கு ஒப்பாகும். கொடுத்த வாக்கைத் தவறலாமா?"

மகளுக்கு மறுமொழி தோன்றவில்லை. அப்பொழுது திண்ணையில் அமர்ந்திருந்த ஆயா வாய்திறந்தாள்.

அம்மூதாட்டி முதன்முதல் வாக்களித்தது 1967-ஆம் ஆண்டில். அத்தேர்தலுக்குப் புதுச்சேரி வரலாற்றில் தனியிடம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்நிலப்பகுதி 1871 முதல் எண்பது ஆண்டுக்காலம் பாரிசு நகரத்து மன்றத்திற்கு உறுப்பினரை அனுப்பி வந்தது. எனினும் அந்நாளைய தேர்தல்கள் அடிதடிக்கும் கள்ள வாக்குக்கும் பெயர்பெற்றிருந்தன. 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். அவருள் 170 பேர் இந்தியாவுடன் இணைய விரும்பி வாக்களித்தனர். அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. ஆயினும் சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-ஆம் நாளன்றே முற்றுப்பெற்றது. ஆதலால், இந்தியாவின் முதல் மூன்று பொதுத்தேர்தல்களில் புதுச்சேரி மக்களுக்குப் பங்கில்லை. 1967-இல் நடந்த நான்காம் பொதுத்தேர்தலே அவர்கள் பங்குகொண்ட முதற்பொதுத்தேர்தல் ஆகும். அந்நாளில் வாக்களிக்க இருபத்தொரு வயது நிரம்பியிருத்தல் வேண்டும். 1989-இல் தான் அது பதினெட்டாகக் குறைந்தது.

"அன்று எனக்கு வயது இருபத்திரண்டு" என்று ஆயா சொல்லத் தொடங்கினாள். "உன் தாத்தா ஒரு சின்னத்தைச் சொல்லி அனுப்பினார். அதன்மேல் முத்திரை குத்திச் சீட்டைப் பெட்டியில் இட்டு வந்தேன். நின்றவர் யார், அவர் செய்யக் கூடியது யாது என்று நான் எவரையும் கேட்கவில்லை. விரலில் மை இருந்தது. மனத்தில் ஒன்றும் இல்லை. அக்குறை இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை."

பின்பு மகனை நோக்கி, "நீ கொடுத்த வாக்கைத் தவறலாமா என்கிறாய். நன்று. ஆனால், பிறர் பொருளைக் கொடுப்பதாகச் சொல்ல உனக்கு ஏது உரிமை? உன் வாக்கு உன்னுடையது. அவள் வாக்கு அவளுடையது. என் வாக்கு என்னுடையது. அதனை அவரிடமே சென்று சொல்லிவிடு. மறைத்து வைத்தால் அன்றோ மனம் உறுத்தும்?" என்றாள்.

மறுநாட் காலையில் தந்தையார் அச்செல்வரிடம் சென்றார். "கடனைத் தவணையாகத் தீர்த்துவிடுகிறேன். எங்கள் வீட்டார் வாக்குகளை அவரவர் மனமே அறியும்" என்றார். செல்வர் முகம் சுளித்து, முதற்றவணையை உடனே கேட்டார். தந்தையார் தம்மிடம் இருந்த வலைகளுள் ஒன்றை விற்று அதனைச் செலுத்தினார். வீடு திரும்பியபோது அவர் கையில் பணம் இல்லை; ஆனால் நடையில் முன்னிருந்த தளர்ச்சியும் இல்லை.

தனக்காக ஒரு வலை போயிற்று என்பதை மகள் உணர்ந்தாள். அவ்வளவு விலை பெற்ற வாக்கை ஆராயாது அளித்தல் தகுமோ? உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பள்ளியில் படித்தது அவள் நினைவுக்கு வந்தது. பத்தாம் நூற்றாண்டில், முதற் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்டது அது. அது கூறும் குடவோலை முறை எல்லா மக்களுக்கும் உரிய தேர்தல் அன்று. தகுதியுடையோர் சிலருள் குலுக்கி எடுக்கும் முறையே. ஆயினும், பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரலாகாது என்று அது விதித்தது. அக்கருத்து அவளுக்கு வழிகாட்டியது.

வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் சொத்து, கல்வி, தம்மேலுள்ள குற்ற வழக்குகள் ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்தில் தெரிவித்தல் வேண்டும். அப்பத்திரங்களைத் தேர்தல் ஆணையம் யாவரும் காண வெளியிடுகிறது. அவள் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தாள். பின்பு மூன்று வினாக்களைத் தாளில் எழுதிக்கொண்டாள். தாம் முன்பு ஏற்ற பொறுப்புக்கு இவர் கணக்குக் காட்டினாரா? நாடாளுமன்றத்தின் பணி இன்னது என்பதை அறிந்தவரா? எல்லார்க்காகவும் பேசுவாரா?

மூன்றாம் வினாவே அவளை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. துறைமுகத்தின் முகத்துவாரத்தை மணல் அடைப்பது அவ்வூரார்க்குப் பெருந்துன்பம். அதனைத் தீர்ப்பதாகச் சொன்னவர்க்கே வாக்களிக்க அவள் முதலில் எண்ணினாள். ஆனால், 543 தொகுதிகளுள் புதுச்சேரிக்கு உரியது ஒன்றே. காரைக்கால், கேரளக் கரையிலுள்ள மாகி, ஆந்திரத்தின் நடுவே அமைந்த ஏனாம் ஆகிய ஊர்களுக்கும் அவ்வொருவரே உறுப்பினர். தன் ஊர் மணலுக்கு மட்டும் வழிதேடுபவர் போதுமா? ஏனாத்துத் தாய் ஒருத்தியின் குறையையும் எடுத்துரைப்பவர் வேண்டாவா? இவ்வாறெல்லாம் எண்ணி, எண்ணித் துணிந்தாள்.

ஏப்ரல் 19-ஆம் நாள் காலை ஆயாவைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்குச் சென்றாள். அலுவலர் அவள் இடக்கைச் சுட்டுவிரலில் மை வைத்தார். மறைப்பின் பின்னே சென்று பொத்தானை அழுத்தினாள். அருகிலிருந்த கருவியின் கண்ணாடிக்குள் சிறு சீட்டொன்று தோன்றியது. தான் தேர்ந்த பெயரும் சின்னமும் அதில் இருத்தலைக் கண்டாள். ஏழு நொடியில் அது பெட்டிக்குள் விழுந்தது.

வெளியே வந்தபோது ஆயாவும் வாக்களித்து வந்திருந்தாள். யாருக்கு என்று இவள் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. தன் விரலைப் பேத்தியின் விரலருகே வைத்து, "இம்முறை கேட்டறிந்து போட்டேன், கண்ணே" என்றாள் ஆயா.

அத்தேர்தலில் அந்நங்கை விரும்பியவர் வென்றாரா, தோற்றாரா என்பது ஈண்டு வேண்டுவதன்று. வெற்றி பலர் கூடி அளிப்பது. ஆராய்ச்சியோ ஒவ்வொருவரும் தாமே செய்ய வேண்டுவது. வாக்கு என்னும் சொல் தமிழில் ஒருவர் கொடுத்த சொல்லையும் குறிக்கும். தேர்தலில் அளிக்கும் உரிமையையும் குறிக்கும். சொல்லை விற்பவன் நம்பத்தக்கவன் அல்லன். உரிமையை விற்பவன் குடிமகன் அல்லன். இரண்டையும் காத்து நிற்பவரே நாட்டைக் காப்பவர் ஆவர்.