கார்டிசால் வில்லனா? பிரேசில் பூச்சி ஒன்று சொல்லும் பதில்

போன வாரம் இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்டிருந்தார். "டாக்டர், எனக்கு டென்ஷன் அதிகம். உடம்புல எல்லா அழற்சிக்கும் கார்டிசால்தான் காரணம்னு ரீல்ஸ்ல சொல்றாங்க. அதைக் குறைக்க ஏதாவது மாத்திரை இருக்கா?"

"வேணாம் தம்பி"ன்னு ஒரு வரி பதில் போட்டேன். ஏன் வேணாம்னு சொல்ல ஒரு த்ரெட் வேணும். அதுக்கு உங்களை பிரேசில் வரைக்கும் கூட்டிட்டுப் போகணும். வாங்க.

மினாஸ் ஜெரைஸ் மாநிலத்தில் லசான்ஸ் என்ற சின்ன ஊர். ரயில் பாதை போடும் இடத்தில் மலேரியாவைக் கட்டுப்படுத்தப் போன மருத்துவர் கார்லோஸ் சாகஸ், அங்கே ஒரு பூச்சியைப் பார்க்கிறார். பகலில் மண்சுவர் விரிசலில் ஒளிஞ்சிருக்கும். ராத்திரி தூங்குறவங்க முகத்தில் கடிக்கும். அதனால ஊர்க்காரங்க வெச்ச பேர் 'பார்பெய்ரோ', அதாவது முடி திருத்துபவர்! கடிச்ச இடத்துக்குப் பக்கத்திலேயே எச்சம் போடும். நாம சொறியும்போது அதிலிருக்கும் 'டிரிபனோசோமா குரூசி' என்ற ஒட்டுண்ணி உள்ளே போகும். பூச்சிக்குள் கிருமியை முதலில் கண்டுபிடித்துவிட்டு, அப்புறம்தான் பெரெனிசி என்ற 2 வயதுக் குழந்தையின் ரத்தத்தில் அதைப் பார்த்தார் சாகஸ்.

நம்ம ஊரில் பரவாத நோய். படிக்கிற காலத்தில் எனக்கு இது ஒரு மார்க் கேள்வி, அவ்வளவுதான். ஆனா உலகத்தில் 70 லட்சம் பேருக்கு மேல் இந்தக் கிருமியோடு வாழ்றாங்க, பெரும்பாலும் லத்தீன் அமெரிக்காவில். அவர்களில் 30 சதவீதம் பேர் வரைக்கும் பல வருஷம் கழிச்சு இதயம் கெட்டுப்போகும். மின்கடத்தல் தடைபடும், இதய நுனி பலூன் மாதிரி புடைக்கும், சிலருக்குத் திடீர் மரணம்.

இதில் ஒரு புதிர். அந்தக் கட்டத்தில் கிருமி ரொம்பக் கொஞ்சமாத்தான் இருக்கும். அழற்சி மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். 2015-இல் வெளியான 'பெனிஃபிட்' ஆய்வில் 2,854 நோயாளிகள். கிருமியைக் கொல்லும் பென்ஸ்நிடசோல் கொடுத்தாங்க. ரத்தத்தில் கிருமி குறைஞ்சது; ஆனா இதயம் மோசமாவது குறிப்பிடும்படி குறையலை.

இங்கேதான் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் வருது. அட்ரினலின் வந்து உட்கார இதயத்தில் ஒரு பூட்டு இருக்கு: பீட்டா-1 ரிசப்டர். சாவி போட்டா இதயம் வேகமா ஓடும். இந்தக் கிருமியின் ஒரு புரதத்தில் சின்னத் துண்டு ஒண்ணு, பார்க்க அந்தப் பூட்டின் ஒரு பகுதி மாதிரியே இருக்கும். கிருமியை அடிக்க உடம்பு தயாரிக்கும் ஆன்டிபாடி, ஆள் மாறாட்டத்தில் போய் அந்தப் பூட்டிலும் ஒட்டிக்கும். கள்ளச்சாவி! டென்ஷனே இல்லாதவருக்கும் ஆக்ஸிலரேட்டர் மிதிபடும். இதயத்தை மெதுவாக்கும் எம்-2 ரிசப்டருக்கும் இதே மாதிரி ஆன்டிபாடி உண்டு. அது பிரேக். ஒரே வண்டியில் ரெண்டு மிதியும்! (இதய பாதிப்பு இல்லாத சிலரிடமும் இந்த ஆன்டிபாடிகள் இருக்கு. அதனால முழுப் பழியும் இதன் மேல் போட முடியாது.) "அப்போ பீட்டா பிளாக்கர் கொடுத்துடலாமே?" கொடுக்கிறாங்க, ஆனா பயந்து பயந்து. மின்கடத்தல் ஏற்கெனவே பழுதான இதயத்தில் துடிப்பு ஒரேயடியா இறங்கிடலாம்.

இப்போ தம்பியின் கார்டிசாலுக்கு வர்றேன். அர்ஜென்டினா ஆய்வாளர்கள் எலிகளுக்கு இந்தக் கிருமியைச் செலுத்தினாங்க. கார்டிசால் வகை ஹார்மோன் எகிறுச்சு, தைமஸ் சுரப்பி சுருங்குச்சு. வில்லன் கிடைச்சுட்டான்னு நினைக்கத் தோணும் இல்லையா? அட்ரினல் சுரப்பியை எடுத்தோ, ரிசப்டரை மருந்தால் அடைச்சோ பார்த்தாங்க. தைமஸ் தப்பிச்சுது. எலிகள் சீக்கிரமே செத்துப்போச்சு. தைமஸைச் சுருக்கின அதே ஹார்மோன்தான், டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருள் கட்டுமீறாம பிடிச்சு வெச்சிருந்தது.

சரி, அப்போ ஸ்டீராய்டை வெளியிலிருந்து அள்ளிக் கொடுத்தா? அதுவும் ஆபத்து. சாகஸ் நோயாளிக்கு மாற்று இதயம் வெச்ச பிறகு, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் கொடுத்தே ஆகணும். அப்போ ஒளிஞ்சிருந்த கிருமி எழுந்து புது இதயத்தையே தாக்கலாம். அது பார்க்க, உடம்பு அந்த இதயத்தை நிராகரிப்பது மாதிரியே இருக்கும். நிராகரிப்புன்னு நினைச்சு ஸ்டீராய்டைக் கூட்டினா, தீயில் எண்ணெய். அதனால திசுவை எடுத்து, உள்ளே கிருமி இருக்கான்னு தேடிட்டுத்தான் முடிவு எடுப்பாங்க. ஒரு மருத்துவரா எனக்கு வயிற்றைக் கலக்கும் இடம் இதுதான். ரெண்டு நோய், ஒரே முகம், நேரெதிர் சிகிச்சை.

அந்தக் குழந்தை பெரெனிசி என்ன ஆனாள்னு கேட்பீங்க. பல பத்தாண்டு கழிச்சுத் தேடிப்பிடிச்சாங்க. ரத்தத்தில் கிருமி அப்பவும் இருந்தது, இதய நோய் இல்லை. 70 வயது தாண்டி வாழ்ந்தாங்க. அவங்க உடம்பு அந்தத் தீயை எந்த அளவில் வெச்சிருந்ததுன்னு நினைச்சா எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

தம்பிகிட்ட திரும்பக் கேட்டேன், "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறீங்க?"

"ரெண்டு, ரெண்டரை ஆகும் டாக்டர்."

அதைப் பத்தி ஞாயிற்றுக்கிழமை போன்ல பேசுறதா இருக்கோம்.