பந்தியில் உட்கார ஒரு பயம்

கல்யாண வீடுகளில் ‘சாப்பிட்டாச்சு’ என்று பொய் சொல்லிவிட்டுப் பசியோடு பஸ் ஏறுவாள் அந்தத் திருமங்கலத்துப் பெண். யாராவது பார்த்தால் போதும், கை நடுங்கும், சோறு தொண்டையில் இறங்காது. வீட்டில் அதை வெட்கம் என்றே நினைத்தார்கள்.

பிறர் பார்க்கச் சாப்பிடப் பயப்படுவது சமூகப் பதற்றக் கோளாறின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்று மனநல மருத்துவர் சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளப் பழகுவதும் இதற்கான சிகிச்சையில் முக்கியமானது. முதலில் தோழியோடு ஒரு டீ. பிறகு இட்லிக் கடையில், சுவரைப் பார்த்தபடி ரெண்டு இட்லி. (அடுத்தவர் இலையை எட்டிப் பார்க்காத ஆள் நம்மூரில் ஏது!)

சித்திரையில் மீனாட்சி திருக்கல்யாணம். சேதுபதி பள்ளியில் ஊருக்கே கல்யாணச் சாப்பாடு. கூட்டத்தோடு உட்கார்ந்தாள். முதல் வாய்க்குக் கை நடுங்கத்தான் செய்தது. எதிரே இருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்தார். “தம்பி, சாம்பார் இன்னுங் கொஞ்சம்!” பாட்டி பார்த்தது அவளையல்ல, பின்னால் வாளியோடு வந்தவரை.

அம்மா மொய் எழுதிவிட்டுத் திரும்பியபோதும் அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.