கழுவெளியில் இறங்குமா கடல் விமானம்?

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் பேருந்தில் வந்து கிளியனூரில் இறங்குபவர்களில் வெளியூர்க்காரர்கள் நேராக அகத்தீஸ்வரர் கோயிலுக்குப் போவார்கள். சம்பந்தர் பாடிய தலம். சாமி கும்பிட்ட கையோடு கிழக்கே சில கிலோமீட்டர் போனால் வேறொரு காட்சி காத்திருக்கிறது. கழுவெளி! பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. தை மாதத்தில் பார்த்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர். நடுவில் மரமோ மின்கம்பமோ கிடையாது. 'இதில் ஒரு விமானத்தையே இறக்கலாம் போலிருக்கே!' என்று யாருக்கும் தோன்றும்.

அதற்கென்றே விமானங்கள் விற்கின்றன. இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம். அடிப்பகுதி படகு மாதிரி. சக்கரத்தை நீட்டினால் தரையில் ஓடும், மடக்கினால் தண்ணீரில் இறங்கும். அமெரிக்காவின் ஐகான் ஏ5, சீரே, பிரேசிலின் சூப்பர் பெட்ரல் எல்லாம் இந்த ரகம். ஐகானின் இறக்கையை மடித்து, காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வீட்டுக்கே கொண்டுபோகலாம். சீரேயைப் பாகங்களாக வாங்கி வீட்டுக் கொட்டகையில் தாங்களே பூட்டியவர்கள் ஏராளம்.

விலைதான் தலைசுற்ற வைக்கும். 2017-ல் ஐகான் அறிவித்த விலை 3,89,000 டாலர். அந்த நிறுவனமே 2024-ல் திவால் மனு போட்டது. வாங்குகிறவர் விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இதில் இருக்கிறது: பத்து வருடம் கழித்து உதிரிபாகம் யார் கொடுப்பார்கள்?

அடுத்தது எடைக் கணக்கு. ஐகானில் ஆளும் எரிபொருளும் சேர்த்து ஏற்றக்கூடியது சுமார் 195 கிலோ. டேங்கை நிரப்பினால் பெட்ரோலே 54 கிலோ. மிச்சம் 140 கிலோவில் இரண்டு பேர். நம் வீட்டுக் கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு எழுந்த இருவரை ஏற்றினால் எரிபொருளைக் குறைக்கத்தான் வேண்டும். தண்ணீர் விமானத்தைப் பிடித்து இழுக்கும் என்பதால், சுமை கூடினால் மேலே எழும்ப நீண்ட தூரம் ஓட வேண்டும். சித்திரை வெயிலில் காற்று லேசாகிவிடும். ஓட்டம் இன்னும் நீளும்.

ஓட்டுபவருக்கும் தனிப் பயிற்சி வேண்டும். தரையில் இறங்கிய பழக்கத்தில் சக்கரத்தை நீட்டியபடியே தண்ணீரில் இறங்கினால், விமானம் குப்புறக் கவிழ்ந்துவிடும். இந்த ரக விமானங்களுக்கு மிகவும் பேர்போன ஆபத்து அதுதான். கண்ணாடி போல் அசையாத நீரும் லேசுப்பட்டது இல்லை. எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்பதே தெரியாது. சின்னச் சின்ன அலை இருந்தால்தான் விமானிக்கு நிம்மதி.

எல்லாம் சரி, கழுவெளிக்கு வருவோம். தையில் கடல் போலக் கிடக்கும் இந்த ஏரி பெரும்பாலும் ஆழமற்றது. கோடையில் பல இடங்களில் சேறு வெடித்துக் கிடக்கும். மேலே இருந்து பார்த்தால் முழங்கால் தண்ணீரும் ஆள் மூழ்கும் தண்ணீரும் ஒரே மாதிரிதான் மின்னும்.

இன்னும் கிழக்கே போனால் மரக்காணம் உப்பளம். பாத்தி பாத்தியாக நீர் தேங்க, வெயில் அதைக் குடிக்க, நீண்ட கழியில் கட்டிய பலகையால் உப்பை இழுத்துக் குவிக்கிறார்கள். அந்த ஊருக்குச் சோறு போடும் இதே உப்புதான் விமானத்துக்கு எமன். அலுமினியத்தை அரிக்கும், சக்கரத்தின் பேரிங், திருகாணி, மின்கம்பி இணைப்பு ஒன்றையும் விடாது. உப்புநீரில் இறங்கிய விமானத்தை அன்றைக்கே நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் கழுவியாக வேண்டும். கலவைப் பொருளால் ஆன உடம்பு ஓரளவு தப்பிக்கும். உள்ளே இருக்கும் உலோகம் தப்பிக்காது. இந்தக் கடற்கரையில் வைத்துக்கொள்ள நினைப்பவர் பழைய அலுமினிய விமானத்தை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், மிச்சம் பிடித்த பணம் மெக்கானிக்குக்குப் போகும்.

சரி, பணமும் பயிற்சியும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கழுவெளியில் இடமில்லை. 2021 டிசம்பரில் இதன் 5,151 ஹெக்டேர் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைகள், கூழைக்கடாக்கள், செங்கால் நாரைகள் வரும் இடம். ஒரு எஞ்சின் சத்தத்தில் ஆயிரம் பறவை ஒரே நேரத்தில் எழும்பினால் அவற்றுக்கும் கேடு, விமானிக்கும் கேடு. இந்த விஷயத்தில் பறவை பக்கம்தான் நியாயம்; ஏரிக்கு அதுதானே பழைய வாடிக்கையாளர்!

நாட்டில் பெரிய அளவில் நடந்த முயற்சியும் சுலபமாக இருக்கவில்லை. அகமதாபாத் சபர்மதி நதியிலிருந்து கெவடியாவுக்கு 2020 அக்டோபர் 31-ல் கடல் விமானம் தொடங்கியது. விமானம் மாலத்தீவிலிருந்து வந்தது. பராமரிப்புக்கும் அங்கேயே போக வேண்டியிருந்தது. 2021 ஏப்ரலோடு சேவை நின்றது. அரசுத் திட்டத்துக்கே இந்தக் கதி என்றால், தனி ஆள் ஒருவர் விமானத்தைப் பதிவு செய்து, இறங்கும் நீர்நிலைக்கு அனுமதி வாங்கி, பழுது பார்க்க ஆளும் தேடுவது எவ்வளவு அலைச்சல்!

தமிழ்நாட்டு ஏரியில் கடல் விமானம் இறங்கியதே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942 முதல், சென்னையை அடுத்த செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினா விமானங்கள் நின்றன. வங்கக் கடலில் பல மணி நேரம் ரோந்து சுற்றிவிட்டு மறுபடி ஏரிக்கே திரும்பும். ரோந்து உப்புக் கடல் மேல் என்றாலும், வந்து நின்றது நல்ல தண்ணீரில். இன்று அந்த ஏரி சென்னைக்குக் குடிநீர் தருகிறது.