மிதிக்கட்டையே காலாக

அப்பாவுக்கு இடுப்புவலி வந்த பிறகுதான் சைக்கிள் ஸ்டாண்டு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எங்களுக்கு உறைத்தது. திருக்கோவிலூர்த் தெருக்களில் விடிகாலையில் பால் ஊற்றிவந்தவர் அவர். கேரியரின் இருபுறமும் கேன்கள் தொங்க, வண்டியைத் தூக்கிப் பின்னிழுத்து இரட்டைக்கால் ஸ்டாண்டில் ஏற்ற வேண்டும். வீட்டுக்கு வீடு அதே பாடு. பக்க ஸ்டாண்டு சுமை தாங்காமல் எப்போதோ வளைந்துவிட்டிருந்தது.

அண்ணனும் தம்பியுமாக நாங்கள் யோசித்தோம். மிதிக்கும் கட்டையே ஊன்றும் காலாகவும் இருந்தால் என்ன? எங்கள் ஊர்ப் பெருமாள் ஒரு காலை ஊன்றி, மறு காலைத் தூக்கி உலகளந்து நிற்பவர். அந்தத் துணிவாகவும் இருக்கலாம்.

இடப்பக்கப் பெடலைக் கழற்றவே அரைமணி ஆயிற்று. வழக்கமான திசையில் திருகத் திருக அது இறுகியது. மிதிக்கும்போது தானாகக் கழன்றுவிடாதிருக்க இடப்பெடலுக்கு மரையை எதிர்த்திசையில் வெட்டியிருப்பார்கள் என்று பட்டறைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. பின்னாளில் விமானம் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள், 1900இல் தாங்கள் செய்து விற்ற சைக்கிளில் இதே எதிர்மரையை வைத்தார்கள் என்பதைப் பிறகு படித்தோம். பெடலின் அடியில் மடக்கி விரிக்கும்படி ஓர் இரும்புக்கம்பியைப் பொருத்திக்கொண்டோம்.

வாசலில் வெறும் வண்டி அழகாக நின்றது. மறுநாள் கேன்களோடு நிறுத்தியபோது ஓரங்குலம் பின்னுக்கு நகர்ந்தது. சக்கரம் பின்னால் உருண்டால் ஃப்ரீவீல் கவ்விக்கொள்ளும். சங்கிலி பெடலையும் பின்னோக்கிச் சுழற்றும். பெடலோடு எங்கள் காலும் சுழன்றது. பால் தெருவில் ஓடியது. தண்ணீர் நிரப்பிச் சோதித்துப் பார்க்கும் பொறுமைகூட எங்களுக்கு இல்லை. அப்பா ஒரு சொல்லும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் பழைய பெடலை மாட்டிக்கொண்டு அவரோடு நடந்தோம். ஒரு வீட்டுக் கல்படியருகே வண்டியை நிறுத்தினார். பெடலைப் பின்னோக்கிச் சுழற்றி, பின்புறம் தாழ்ந்த நிலையில் படியின்மேல் அமர்த்தி, வண்டியை லேசாகச் சாய்த்தார். அசையாமல் நின்றது. பின்னுக்கு உருள முயன்றால் பெடல் கீழிறங்கியாக வேண்டும், படி விடாது. எங்கள் காலைக் கவிழ்த்த அதே விசை இங்கே வண்டியைக் காத்தது. சிறுவயதிலிருந்தே பார்த்துவந்த காட்சிதான். பார்த்திருந்தோமே தவிரக் கவனித்ததில்லை.

படியில்லாத வீடுகள்தாம் மிச்சம். பூவரசங்கட்டை ஒன்றைப் படியின் உயரத்துக்கு அறுத்து, கயிறு கட்டி ஹேண்டில்பாரில் தொங்கவிட்டோம். கயிற்றைத் தளர்த்தினால் கட்டை தரைக்கு வரும். காலால் பெடலுக்கு அடியில் தள்ளிக்கொள்ளலாம். வண்டியின் முகம் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும், அவ்வளவே. குனிய வேண்டாம், தூக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் மாலை அப்பா அந்தக் கட்டைக்குப் பச்சை வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.